முகாமை நடத்த எனக்குப் பிறகு யார்?

வாசகர் கடிதம் (சுருக்கம்): பட்டுக்கோட்டை பக்கம் ஒரு கிராமத்தில் இளைஞர் மன்றம் நடத்துகிறேன். பதினோரு ஆண்டுகளாக ஆண்டுக்கு ஒரு ரத்ததான முகாம். இந்த முறை 140 பேர் வந்தார்கள், 86 பேர்தான் கொடுத்தார்கள். மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள், அதில் ஒரு பையன் வண்டி நிறுத்துமிடத்தில். புதிதாகச் சேர்ந்த பதினைந்து தம்பி தங்கைகள் மதியச் சாப்பாட்டோடு கிளம்பிவிட்டார்கள். ரத்தம் கேட்டு வரும் அழைப்பெல்லாம் என் ஒருவன் கைப்பேசிக்குத்தான் வருகிறது. வரும் ஆண்டு ஓசூருக்கு வேலை மாற்றம். இந்தப் பதினைந்து பேரை எப்படிப் பயிற்றுவிப்பது? பயிற்சி என்று கூட்டினால் நான் பேசுகிறேன், அவர்கள் கேட்கிறார்கள், அவ்வளவுதான் நடக்கிறது.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

பயிற்சியைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் கடிதத்தில் உள்ள இரண்டு எண்களைப் பார்ப்போம். 140 வந்து 86 கொடுத்தார்கள் என்றால் மீதி 54 பேர். அவர்களில் எத்தனை பேரை மருத்துவர் வேண்டாம் என்று திருப்பினார், எத்தனை பேர் காத்திருந்து அலுத்துப்போய் வீட்டுக்குப் போனார்கள்? கடிதத்தில் இல்லை. உங்களுக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அதை எழுதிவைக்க அன்று யாருக்கும் வேலை கொடுக்கப்படவில்லை. இரண்டும் வேறு வேறு குறை. முதலாவதற்கு மருந்து, முன்கூட்டியே சரியான தகவல் சொல்லி அழைப்பது. இரண்டாவதற்கு மருந்து கடிகாரம்.

முகாம் காலை 9 மணிக்கு என்று நோட்டீஸ் அடித்து, சிறப்பு விருந்தினர் 10.45க்கு வந்து விளக்கேற்றிய பிறகே முதல் ஊசி போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஆறு படுக்கை. ஒருவருக்கு ரத்தம் இறங்குவது பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கையைத் துடைத்து, நரம்பு தேடி, எடுத்து முடித்து, சற்றுப் படுக்கவைத்து எழுப்புவதற்குள் இருபது நிமிடம் ஆகும். ஆக ஒரு படுக்கைக்கு மணிக்கு மூன்று பேர், ஆறு படுக்கைக்குப் பதினெட்டு, இருபது பேர். ரத்த மையங்களுக்கான (ரத்த வங்கி என்போமே, அதுதான்) சட்ட விதியும் இதே கணக்கைத்தான் வைத்திருக்கிறது: மூன்று மணி நேரத்தில் 60 முதல் 70 பேர் என்றால் ஆறு முதல் எட்டு படுக்கை, ஒரு மருத்துவர், இரண்டு செவிலியர், மூன்று டெக்னீஷியன், இரண்டு சமூகப் பணியாளர், இரண்டு உதவியாளர். அதற்குமேல் வேகம் கூட்ட உங்களால் முடியாது, கூட்டவும் கூடாது. 10.45க்குத் தொடங்கினால் 86வது ஆள் எழுந்திருக்க மாலை மூன்றேகால் ஆகும். காலை ஏழரைக்கு இரண்டு இட்லி சாப்பிட்டு ஒன்பது மணிக்கு வந்த பையன் ஒரு மணிக்கு ஊசி போட்டுக்கொண்டால் மயங்காமல் என்ன செய்வான்? கொடுப்பவர் பட்டினியாக இருக்கக்கூடாது என்பது விதி. உங்கள் முகாமில் விழுந்த மூவரில் குறைந்தது ஒருவரையாவது மேடைதான் தள்ளிவிட்டது.

அதனால் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய முதல் பாடம் நேரம். வருகிறவர்களுக்கு அரை மணிக்குப் பத்துப் பேர் வீதம் நேரம் பிரித்துக் கொடுங்கள்: 9 மணிக்குப் பத்துப் பேர், 9.30க்குப் பத்துப் பேர் என்று. ஒன்றிரண்டு பேர் திருப்பப்படுவார்கள், கணக்கு சரியாக வரும். பாராட்டு, பொன்னாடை, விருந்தினர் பேச்சு எல்லாம் பன்னிரண்டரை மணிக்கு, ரத்தம் எடுக்கும் கூடத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். விருந்தினரிடம் இதைச் சொல்லத் தயக்கமாக இருந்தால், "டாக்டர் டீம் 9 மணிக்கே ஆரம்பிக்கணும்னு சொல்லிட்டாங்க" என்று ரத்த மையத்தின் பெயரில் சொல்லுங்கள். அவர்களும் அதைத்தான் விரும்புவார்கள்.

இனி பதினைந்து பேர். "எல்லாரும் எல்லா வேலையும் பாருங்கப்பா" என்பதுதான் அவர்கள் மதியத்தோடு கிளம்பியதற்குக் காரணம். ஒருவனுக்கு இந்த மேசை உன்னுடையது, இங்கே நடக்கும் நல்லது கெட்டதுக்கு நீ பொறுப்பு என்று கொடுத்தால் அவன் கிளம்ப மாட்டான். ஓரமாக நின்று நாற்காலி தூக்கச் சொன்னால் பிரியாணி வரைக்கும்தான் இருப்பான். வாசலில் வரவேற்று நேரம் பார்க்க இரண்டு பேர், படிவம் நிரப்ப உதவ மூன்று பேர், படுக்கைகளுக்கு அழைத்துப் போக இரண்டு பேர், சிற்றுண்டி மேசைக்கு நான்கு பேர், வண்டி நிறுத்துமிடத்திலும் கழிப்பறைப் பக்கத்திலும் ஒவ்வொருவர், எண்களை எழுத ஒருவர். பதினான்கு ஆயிற்று. பதினைந்தாவது ஆள் பொறுப்பாளர். அது நீங்கள் இல்லை.

இதில் சிற்றுண்டி மேசையைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லா ஊரிலும் அந்த மேசையை ஆகச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவார்கள், பிஸ்கட் எடுத்துக் கொடுக்கிற வேலைதானே என்று. உண்மையில் முகாமில் ஆகக் கூர்மையான கண்கள் அங்கேதான் வேண்டும். படுக்கையில் மயங்கினால் பக்கத்தில் செவிலியர் இருக்கிறார். எழுந்து நடந்த பிறகு மயங்குகிறவர்தான் தலையில் அடிபடுகிறார். கழிப்பறையில், படிக்கட்டில், வண்டியை உதைக்கும்போது, உங்கள் ஊர்ப் பையனுக்கு நடந்த மாதிரி.

மயக்கம் திடீரென்று வருவதில்லை, சொல்லிவிட்டுத்தான் வரும். முதலில் கொட்டாவி. பிறகு மேலுதட்டின் மேல் பொடிப் பொடியாக வியர்வை, உதடு வெளுக்கும். பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று அமைதியாவார், "எந்த ஊருண்ணே?" என்று கேட்டால் பதில் தாமதமாக வரும். வயிற்றைப் புரட்டுகிறது என்பார். இந்த நான்கில் ஒன்றைப் பார்த்தாலும் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கக்கூடாது. அப்படியே தாங்கித் தரையில் படுக்கவைக்க வேண்டும், நாற்காலியில் சாய்த்து வைக்கக்கூடாது. காலுக்கு அடியில் இரண்டு தலையணை வைத்து ஒரு அடி உயர்த்த வேண்டும். சட்டைக் காலர், பெல்ட் தளர்த்த வேண்டும். ஒருவர் அங்கேயே இருக்க, இன்னொருவர் போய் மருத்துவரை அழைத்து வர வேண்டும். வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றக்கூடாது. சிலருக்கு மயங்கும்போது கைகால் ஓரிரு விநாடி வெட்டி இழுக்கும். உடனே கூட்டத்தில் யாராவது வலிப்பு என்று சொல்லிச் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். அதைத் தடுப்பதும் உங்கள் பிள்ளையின் வேலைதான். இரண்டு பேர் ஒரு வேட்டியை விரித்துப் பிடித்து மறைப்பு கட்டட்டும். ஒருவர் விழுவதைப் பார்த்து அடுத்தவர் விழுவது மிகச் சாதாரணமாக நடப்பது.

இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, செய்துதான் பழக வேண்டும். மன்றத்தில் பாய் விரித்து, ஒருவர் விழுகிறவர், இருவர் பிடிக்கிறவர்கள் என்று ஆளுக்குப் பத்து முறை செய்யவையுங்கள். பெண்ணொருத்தி மயங்கினால் பெண் தன்னார்வலர்தான் துணி தளர்த்த வேண்டும் என்பதால் அந்த மேசையில் இரண்டு பெண்கள் கட்டாயம் வேண்டும்.

மயக்கம் வராமல் தடுக்க மலிவான வழி ஒன்று உண்டு. ஊசிக்குப் பத்து முதல் முப்பது நிமிடம் முன்னால் அரை லிட்டர் தண்ணீர். "தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். அரை லிட்டர் பாட்டிலைக் கையில் கொடுத்து, காலி பாட்டிலை வாங்கிக்கொண்டுதான் படுக்கைக்கு அனுப்ப வேண்டும். எண்பது பேருக்கு இதற்கே 40 லிட்டர். பிறகு குடிக்க மோரோ சர்பத்தோ ஆளுக்கு 300 மில்லி வைத்தால் இன்னொரு 24 லிட்டர். குழுவினருக்கும் சேர்த்து 20 லிட்டர் கேன் நான்கு வாங்கிவிடுங்கள். மோரில் உப்பு இருக்கட்டும். எழுந்தவர் சிற்றுண்டி மேசையில் குறைந்தது பதினைந்து நிமிடம் உட்கார வேண்டும். அவரைப் பிடித்து வைக்க எளிய உபாயம், வண்டிச் சாவியைப் படிவ மேசையில் வாங்கி வைத்துக்கொண்டு, சிற்றுண்டி மேசையில் டோக்கனைக் காட்டினால் திருப்பித் தருவது. டோக்கனில் அவர் எழுந்த நேரம் எழுதியிருக்க வேண்டும்.

அடுத்து படிவ மேசை. அங்கே பயிற்சி என்பது முக்கால்வாசி என்ன பேசக்கூடாது என்பதுதான். வயது 18 முதல் 65, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5, ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை, பச்சை குத்தி ஓராண்டு ஆகியிருக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும், ஆள் அழைக்கும்போது உதவும். ஆனால் தகுதி உண்டா இல்லையா என்று முடிவு செய்கிறவர் மருத்துவர் மட்டுமே. "சர்க்கரை மாத்திரைதானே, எழுதாதீங்க" என்று உங்கள் பையன் நல்லெண்ணத்தில் சொல்லிவிடுவான். அதைவிட ஆபத்தானது, "எப்படியும் எல்லா டெஸ்டும் பண்ணுவாங்க, சும்மா குடுங்கண்ணே" என்பது. எடுத்த ரத்தத்தில் எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய் (சிபிலிஸ்), மலேரியா என ஐந்தும் பார்ப்பார்கள் என்பது உண்மை. ஆனால் அண்மையில் தொற்றியது சில காலத்துக்குச் சோதனையில் தெரியாமல் போகலாம். அந்த இடைவெளியை அடைப்பது கொடுப்பவர் சொல்லும் உண்மை ஒன்றுதான். கூட்டாளிகள் நான்கு பேர் சேர்ந்து வந்து, தோளில் கைபோட்டு நிற்கும்போது எவனும் உண்மையை எழுத மாட்டான். ஆகவே மேசைக்கு ஒருவராக உட்காரவைப்பதும், மருத்துவர் கேள்வி கேட்கும் நாற்காலியிலிருந்து காது கேட்காத தூரத்தில் தன்னார்வலர்கள் நிற்பதும் கட்டாயம். விலையுயர்ந்த பரிசு கொடுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். ஹெல்மெட்டுக்காக நோயை மறைக்கிறவர் இருப்பார். சான்றிதழும் ரத்த வகை எழுதிய அட்டையும் போதும்.

திருப்பப்பட்டவரிடம் பேசுவதற்குத் தனியாகப் பழக்க வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் கல்லூரிப் பெண்கள்தான் திரும்புவார்கள், ஹீமோகுளோபின் பத்தோ பதினொன்றோ இருக்கும். "உனக்கே ரத்தம் இல்ல, நீ எங்க குடுக்க" என்று சிரித்துவிட்டால் அந்தப் பெண் வாழ்நாளில் இன்னொரு முகாமுக்கு வர மாட்டாள். அவளிடம் சொல்ல வேண்டியது இது: "இன்னைக்கு அளவு 12.5க்குக் கீழ இருக்கு. இந்தச் சீட்டை வச்சுக்கிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துல காட்டுங்க, மாத்திரை தருவாங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம்." சொல்லிவிட்டு, அவளையும் சிற்றுண்டி மேசைக்கு அழைத்துப் போய் மோர் கொடுக்க வேண்டும். விருப்பமிருந்தால் அங்கேயே ஒரு வேலையும் கொடுக்கலாம். ஏன் திருப்பினார்கள் என்பதை மன்றத்து நோட்டில் எழுதக்கூடாது. எத்தனை பேர் என்ற எண் மட்டும் போதும்.

சரி, இதையெல்லாம் எப்போது, எப்படிச் சொல்லிக்கொடுப்பது? இரண்டு ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம், மாலை ஐந்துக்கு முன் முடிகிற மாதிரி. பெண் பிள்ளைகளை வீட்டில் அனுப்பாததற்குப் பாதிக் காரணம் நாம் ஆறரை மணி வரை இழுப்பதுதான். முதல் ஞாயிறு ரத்த மையத்தின் கவுன்சிலரையோ சமூகப் பணியாளரையோ அழைத்து நாற்பது நிமிடம் மட்டும் பேசச் சொல்லுங்கள். மீதி நேரம் மேசை மேசையாகப் பிரிந்து நடித்துப் பழகுவது. இரண்டாம் ஞாயிறு முகாம் நடக்கப்போகும் கூடத்திலேயே. மேசைகளை அதனதன் இடத்தில் போட்டு, பத்துப் பேரைக் கொடுப்பவர்களாக வரிசையில் அனுப்பி, வாசலிலிருந்து வண்டி வரை நடத்திப் பாருங்கள். மாடிப்படி, எரியாத மின்விசிறி, தாழ்ப்பாள் உள்ளே மாட்டிக்கொள்ளும் கழிப்பறை, கை கழுவத் தண்ணீர் வராத குழாய் எல்லாம் அப்போதுதான் தெரியவரும். தரைத்தளம் கிடைக்காவிட்டால் வேறு இடம் பாருங்கள், மாடியில் முகாம் வேண்டாம்.

நீங்கள் பேசுகிறீர்கள், அவர்கள் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு ஒரே வழி, ஒன்றை ஒரு முறை செய்து காட்டியவுடன் அவர்களில் ஒருவர் அதை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று வைப்பது. அவர் தப்பாகச் சொல்லும்போது உங்கள் நாக்கு துடிக்கும். வாயைத் திறக்காதீர்கள். கேட்டுக்கொண்டிருப்பவரே "அப்படி இல்லையே" என்று பிடிக்கும் வரை பொறுங்கள். பதினோரு ஆண்டு ஒற்றை ஆளாக நின்று பழகியவருக்கு இதுதான் ஆகக் கடினமான பயிற்சி.

இரண்டு ஞாயிறுக்கும் நடுவே, பக்கத்தில் எங்காவது வேறு முகாம் நடந்தால் நான்கைந்து பேரை அனுப்பி ஒரு மணி நேரம் ஓரமாக நின்று பார்த்துவரச் சொல்லுங்கள். அடுத்தவர் முகாமில் தெரியும் குறை தன் முகாமில் தெரியாது.

ஆண்டுக்கு ஒன்று என்பதையும் மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ரத்தத்திலிருந்து பிரிக்கும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஐந்து நாள்தான் தாங்கும். சிவப்பணுக்கள் பையில் உள்ள மருந்தைப் பொறுத்து 35 அல்லது 42 நாள். ஒரே நாளில் 86 பை கொடுத்துவிட்டு மீதி பத்து மாதம் மாவட்டத்தில் ரத்தம் இல்லை என்றால் அந்த 86இன் பயன் எவ்வளவு? தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோய் உள்ள குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும், உங்கள் அடுத்த ஆண்டு முகாம் வரை அது காத்திருக்காது. நாற்பது பேர் வீதம் ஆண்டுக்கு நான்கு முகாம் வையுங்கள். எந்த மாதம் தட்டுப்பாடு என்று ரத்த மையத்தைக் கேட்டுத் தேதி போடுங்கள். கல்லூரி விடுமுறைக் காலமான மே மாதத்தையும் பண்டிகை நாட்களை ஒட்டிய வாரங்களையும் அவர்களே சொல்வார்கள். பயிற்சிக்கும் இதுதான் நல்லது. ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் வேலை எவருக்கும் கையில் நிற்காது. நாற்பது பேர் முகாம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், தப்பு நடந்தாலும் சின்னதாக நடக்கும், மூன்று மாதத்தில் திருத்திக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் கைப்பேசிக்கு வருவோம். அதில் உள்ள பட்டியலை ஒரு நோட்டிலும் கணினியிலும் ஏற்றுங்கள். பெயர், அட்டையைப் பார்த்து உறுதிசெய்த ரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி, எந்த நேரம் அழைக்கலாம் என்ற நான்கு விவரம் போதும். பதினைந்து பேருக்கும் பங்கிடுங்கள். ஒவ்வொருவரும் தன் பங்கில் உள்ளவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சும்மா நலம் விசாரித்து அழைக்க வேண்டும், தேவை வந்தபோது மட்டும் அழைக்கக்கூடாது. நெகட்டிவ் வகைக்காரர்கள் எல்லாரையும் முகாமன்று கொடுக்கவைக்காதீர்கள். நம் நாட்டில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் அவர்கள் இருக்கிறார்கள். மையத்தைக் கேட்டு, பாதிப் பேரை அவசரத்துக்கு நிறுத்திவையுங்கள்.

அவசர அழைப்பு வந்தால் வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவதற்கு முன் இரண்டு போன் போட வேண்டும். ஒன்று அந்த மருத்துவமனையின் ரத்த மையத்துக்கு, இருப்பு உண்டா, உண்மையிலேயே கேட்டிருக்கிறார்களா என்று. இன்னொன்று நோயாளியுடன் இருப்பவருக்கு. பிறகு எழுதும் செய்தியில் மருத்துவமனை, வார்டு, ரத்த வகை, ரத்தமா தட்டணுவா, எத்தனை யூனிட், எந்தத் தேதி எத்தனை மணிக்குள் என்பது கட்டாயம். தேதி இல்லாத செய்தி மூன்று மாதம் சுற்றும்; அந்த நோயாளி வீடு திரும்பிய பிறகும் அவர் வீட்டுக்கு அழைப்பு போய்க்கொண்டே இருக்கும். ஆள் கிடைத்தவுடன் "கிடைத்துவிட்டது" என்று போட்டுப் பழைய செய்தியை நீக்க வேண்டும். போக்குவரத்துச் செலவு என்ற பெயரில்கூட யாரும் பணம் வாங்கக்கூடாது. பணத்துக்கு ரத்தம் கொடுப்பது உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பின்படி 1998இலிருந்து நாட்டில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஒரே ஒருவர் வாங்கினாலும் மன்றத்தின் பெயர் போய்விடும். வாரத்துக்கு ஒருவர் என்று முறைவைத்து அழைப்பை ஏற்கட்டும். ராத்திரி இரண்டு மணி அழைப்பை எல்லா வாரமும் ஒரே ஆள் எடுத்தால் அவரும் உங்களைப் போல் பதினோரு ஆண்டில் களைத்துவிடுவார்.

பொறுப்பாளராக ஒருவரை இப்போதே அறிவிக்காதீர்கள். முதல் முகாமுக்கு ஒருவர், இரண்டாவதுக்கு இன்னொருவர், மூன்றாவதுக்கு வேறொருவர் என்று விடுங்கள். யார் நன்றாகப் பேசுகிறார் என்று பார்க்காமல், தன் மேசையை விட்டு அடுத்த மேசை தடுமாறுவதைப் பார்த்து ஆள் அனுப்புகிறவர் யார் என்று பாருங்கள். பொறுப்பாளர் கையில் எந்த வேலையும் இருக்கக்கூடாது, படிவமோ தட்டோ இருந்தால் பிடுங்கிவிடுங்கள். முகாம் முடிந்த அன்றே, கூடத்தைப் பெருக்கும் முன், இருபது நிமிடம் வட்டமாக உட்கார்ந்து, எங்கே வரிசை நின்றது, எது தீர்ந்துபோனது, யார் தனியாக மாட்டிக்கொண்டார் என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்ல, அது நோட்டில் ஏற வேண்டும். அடுத்த முகாமின் முதல் ஞாயிறு அந்தப் பக்கத்தை வாசிப்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். சாப்பாடும் எல்லாரும் சேர்ந்து அதற்குப் பிறகுதான். பசி தாங்க நடுவில் சுண்டலும் டீயும் கொடுங்கள்.

முதல் முகாமில் கூடவே இருங்கள். இரண்டாவதில் சிற்றுண்டி மேசைப் பக்கம் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள், யாராவது தரையில் விழுந்தால் தவிர எழாதீர்கள். மூன்றாவது முகாமன்று விடுப்பு கிடைத்தாலும் ஓசூரிலேயே இருங்கள். அன்று மாலை பொறுப்பாளர் உங்களுக்கு அழைத்து நான்கு எண்களைச் சொல்லட்டும்: வந்தவர்கள் எத்தனை, கொடுத்தவர்கள் எத்தனை, மருத்துவர் திருப்பியது எத்தனை, காத்திருக்க முடியாமல் போனவர்கள் எத்தனை. நான்காவது எண் இரண்டுக்குமேல் இருந்தால் மட்டும் ஏன் என்று கேளுங்கள்.